எழுத்தாளர் வீட்டுக்கு அத்தை போன வழி

எங்கள் அத்தைக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அதை நான் கண்ணாரக் கண்டது, திருமானூர்ப் பக்கம் ஒரு பெரிய எழுத்தாளர் பிறந்து வளர்ந்த வீட்டை நினைவு இல்லமாகத் திறந்தபோதுதான். அவர் கதை ஒன்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. கேள்வி பதில் எழுதிக் கை வலித்ததில் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. ஆனால் அத்தைக்கு அது எழுத்தாளர் வீடு இல்லை. பாவாடை கட்டிய வயதில் அவள் சாணி அள்ளி, மாட்டுக் கொட்டில் கூட்டிய வீடு.

“அத்தன வருசம் வேல செஞ்சேன், உள்ள எப்புடி இருக்கும்னு தெரியாதுடா. சாவறதுக்குள்ள ஒரு தரம் பாத்துடணும்” என்று அவள்தான் அப்பாவை நச்சரித்தாள். அப்பா அரியலூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பெரம்பலூரிலிருந்து வந்த அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கா போறோம் என்று கேட்டு ஒரு குட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்து, வாசலில் அவருக்குச் சிலையும் வைத்திருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் அத்தையைக் காணோம்! பக்கத்துச் சந்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அப்பா ஓடிப்போய் மறித்தார்.

“எங்கக்கா போற? வாசல் இங்க இருக்கு.”

“நீங்க போங்கடா. நான் கொல்லப் பக்கமா வந்துடறேன்.”

“இப்ப அது அவுங்க வூடு இல்லக்கா, கவர்மெண்டு வூடு. யாரு வேணா போலாம்.”

“அதெல்லாம் சரிடா. பழைய ஆளுங்க யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?”

எங்கள் ஆட்கள் அந்தத் தெரு வீடுகளுக்குக் கொல்லைப் பக்கமாகத்தான் போய்வர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்ததெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நடுத்தெருவில் இப்படிச் சண்டை போடுகிறார்களே என்று மானம் போயிற்று. அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அப்பாதான் விட்டார். “பாக்கணும்னு நீதானக்கா சொன்ன” என்றார். குறுக்கு வழி தெரிந்தவள் அதில் போகட்டுமே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு என்று நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.

கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, படிக்குக் கீழேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏறவில்லை. அதற்குள் நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து வந்து கையை நீட்டி மறித்தார். சின்ன வயசுக்காரர்.

“இந்த வழியா யாரும் உள்ள வரக் கூடாதும்மா. இது பாத்துட்டு வெளிய போற வழி.”

அத்தை அவரையே பார்த்தாள். “அப்ப எப்புடி வரணும் தம்பி?”

“யாரா இருந்தாலும் முன்வாசல் வழியாத்தான் வரணுங்க. கொல்ல வழியா உட்டா என்னயத் திட்டுவாங்க.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். காவலாளி பயந்துபோய், “நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்களே” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பின்னாலேயே வந்த அப்பா அவளைத் தூக்கி நிறுத்தினார்.

முன்வாசலில் வலது காலை எடுத்து வைத்துத்தான் அத்தை உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பேனாவையும் மூக்குக்கண்ணாடியையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்துத் தூணைத் தொட்டாள், அடுப்படிக்குள் போய் நின்றாள். நாங்கள் கூப்பிடும்வரை வரவில்லை.

எனக்கு அந்தக் காவலாளி மேல் ஆத்திரம் அடங்கவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில், “அந்த ஆள நல்லாத் திட்டிட்டு வந்திருக்கணும் அத்தை” என்றேன்.

“சீ, வாயக் கழுவு” என்றாள் அத்தை. “அந்தப் புள்ள நல்லா இருக்கணும்டி. மவராசனா இருக்கணும்.”

உள்ளே விடாமல் திருப்பி அனுப்பி, அழவும் வைத்த ஆளைப் போய் இவள் எதற்கு வாழ்த்துகிறாள் என்று அரியலூர் வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.