மீன் தொட்டிக்கு லாரிக் காற்று

காற்றைப் பற்றி மிக்கேலுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் ரோட்டில் இருந்த அத்தனை பேரும் நம்பினோம். அவனும் நம்பினான். மல்லசமுத்திரத்தைத் தாண்டித் திருச்செங்கோட்டுப் பாதையில் அவன் டயர் பட்டறை. அடுத்தது என் கடை. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கோத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தட்டி. அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவனுக்குக் கேட்கும்.

அவன் சேலம் டவுன்காரன். கோயில் தெருவில் பிறந்து வளர்ந்து, கிளீனராக லாரி ஏறி, டயரோடு டயராக உருண்டு இங்கே வந்து சேர்ந்தவன். சுத்தியலால் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்வான். மீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். கெட்டவன் இல்லை. குடி கிறிஸ்துமசுக்கு மட்டும். ஆனால் ஒரு வியாதி உண்டு. தப்பை ஒத்துக்கொள்ள அவன் வாய்க்கு வராது. அவன் போட்ட ஒட்டு இரண்டே நாளில் விட்டு, டிரைவர் வந்து சண்டை பிடித்தால், டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற ஆணிங்க" என்பான். டிரைவரும் ஆணியைத் திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டச் சொல்வான். பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆள்தான் நானும்.

நான் சொல்ல வந்தது அறுபத்துமூன்று, அறுபத்துநாலு வாக்கில் நடந்தது. செங்கோட்டையன் என்று ஒரு லாரி முதலாளி, நிலபுலமும் உள்ளவர். அவருக்கு ஒரே மகள் சௌந்திரம். கட்டிக் கொடுத்து வருசம் திரும்பும் முன்னே புருசனைப் பறிகொடுத்துத் தகப்பன் வீட்டுக்கே வந்துவிட்ட பெண். வயது இருபத்திரண்டோ மூன்றோ. விசேசத்துக்குப் போகாது, யார் முன்னாலும் வந்து நிற்காது. அதற்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று அவர் மெட்ராசிலிருந்து ஒரு கண்ணாடி மீன் தொட்டி வாங்கி, வைக்கோல் சுற்றி, லாரியிலேயே கொண்டுவந்து வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் வைத்தார். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடம் அது.

தொட்டியை நான் பார்த்திருக்கிறேன். மெட்ராசுக்காரன் வெறும் மணலும் சிப்பியும்தான் கொடுத்திருந்தான். அந்தப் பெண் ஏரியிலிருந்து பாசியும் நீர்ச்செடியும் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாக மணலில் நட்டு, வாடினதைக் கிள்ளி, ஒரு சின்னத் தோட்டமே போட்டிருந்தது. சிவப்பும் கறுப்புமாக விரல் நீள மீன்கள் அந்தச் செடிக்குள் போய்ப் போய் வரும். வரவு செலவு பேச வந்தவர்கள்கூடப் பேச்சை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் கையால் செழித்த ஒரு பொருளை நாலு பேர் வாய்விட்டு மெச்சியது அப்போதுதான்.

தண்ணீரைச் சுத்தம் பண்ணக் கூடவே ஒரு பில்டர் வந்தது. சின்னக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே கரியும் பஞ்சும். ஒரு குழாய் வழியாகக் காற்றை விட்டால், அது குமிழியாக மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுக்கும். அழுக்கு பஞ்சில் தங்கும். காற்றை விட ஒரு குட்டி மோட்டார். எங்கள் ஊர்க் கரண்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் அது ஒரே மாசத்தில் கருகிப் போனது. தண்ணீர் கலங்கியது.

செங்கோட்டையன் மிக்கேலைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டை ஒன்று கொண்டுபோக வேண்டியிருந்ததால் நானும் போனேன்.

"ஏப்பா மிக்கேலு, மோட்டாரு ஊத்திக்கிச்சு. தண்ணியப் பாரு, கஞ்சியாட்டம். மெட்ராசுக்கு எழுதிப் போட்டு வேற மோட்டாரு வாங்கறதா, இல்ல நம்மூருல ஏதாச்சும் வழி இருக்குதா?"

மகள் கதவோரம் நின்று சொன்னது: "அப்பா, பானை ஒண்ணு வெச்சாப் போதுமுங்க. அடியில பொடி ஓட்டை, உள்ள ஆத்து மணலும் கரியும். தொட்டித் தண்ணிய மொண்டு ஊத்துனா மெல்லச் சொட்டும். செடி வேரு அசையாது."

மிக்கேல் சிரித்தான். "அம்மிணி, அது மனுசன் குடிக்கிற தண்ணிக்குங்க. சொட்டுச் சொட்டா எறங்கறதுக்குள்ள மீனு கெழவனாயிருமுங்க."

வாசலில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

மிக்கேலின் யோசனை இது. லாரி டியூப் ஒன்றில் தன் கம்ப்ரசரில் காற்றுப் பிடித்துக் கொண்டுவருவது. அதன் வாயில் ஆஸ்பத்திரிக் குளுக்கோஸ் குழாயை மாட்டி, ஒரு கிளிப் போட்டுக் காற்றைச் சிறுக விடுவது. டியூப் சுருங்கினால் வேறு டியூப். கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

"லாரியவே தூக்கி நிறுத்தற காத்துங்க. நாலு மீனு தாங்காதுங்களா?"

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலமே டியூப் வந்தது. தொட்டிக்குப் பின்னால் அதைப் படுக்கப் போட்டு, குழாயை மாட்டி, கிளிப்பைத் திருகினான். குமிழி முத்து முத்தாக மேலே வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏனுங்க, ஏதோ வாசம் அடிக்குதுங்களே" என்றது அந்தப் பெண்.

"டியூப்புன்னா டியூப் வாசந்தானுங்க அம்மிணி அடிக்கும். மல்லிப்பூவா மணக்கும்?"

காலையில் ஆள் வந்தது. போனோம். அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெண் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது, அழவில்லை. செங்கோட்டையனின் அக்கா வள்ளியாத்தாள் விருந்துக்கு வந்திருந்தார். தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மிக்கேல் தண்ணீருக்குள் கையை விட்டுப் பில்டர் பெட்டியைத் தூக்கினான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். பெட்டியை உடனே வேட்டி மறைவில் வைத்துக்கொண்டான்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் முதலாளி.

மிக்கேல் தொட்டியையும் செடியையும் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஏரிப் பாசிங்களே இது. கீழ்க் காட்டுல பருத்திக்கு மருந்து அடிக்கறாங்கல்லங்க. அது பாசியில ஏறியிருக்கும். பில்டர் ஓட்டத்துல கரைஞ்சு எறங்கிருச்சுங்க."

சொல்லும்போது குரல் சரளமாகத்தான் இருந்தது. வேற ஆணிங்க என்று சொல்லும் அதே குரல்.

வள்ளியாத்தாள் வெற்றிலையை வாயில் வைக்காமல் நிறுத்தினார். "நாஞ் சொன்னா உனக்குக் கோவம் வரும் தம்பி. உம்பட புள்ள கை தொட்டது எது தங்கியிருக்குது, சொல்லு பாக்கலாம்."

செங்கோட்டையன் அக்காவை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. "தொட்டியத் தூக்கிக் கொட்டாயில போடுங்கப்பா. ஊட்டுக்குள்ள இனி இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். சௌந்திரம் எழுந்து, நட்ட செடிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முந்தானையில் போட்டுக்கொண்டு புறக்கடைக்குப் போனது. முந்தானையிலிருந்து தண்ணீர் ஆசாரம் நெடுகச் சொட்டியது.

சைக்கிளில் திரும்பும்போது பாதி வழி வந்ததும் மிக்கேல் சைக்கிளை மெதுவாக்கினான். அப்புறம் சொன்னான்: "எண்ணெயிங்கண்ணா."

"என்னடா எண்ணெய்?"

"கம்ப்ரசரு ரிங்கு தேஞ்சு கெடக்குது. காத்தோட எண்ணெயும் வருது. டயருக்கு அது ஒண்ணும் பண்ணாது, அதனால நெனப்பே வரலைங்க. தண்ணி மேல ஆடையாட்டம் படிஞ்சிருக்குது. மீனு மூச்சு விட முடியாமச் செத்துருக்குது. பொட்டியத் தூக்கறப்பவே கையில வழுக்குச்சு."

"அங்கயே சொல்றதுக்கு என்னடா?"

"வாய் அப்படியே பழகிருச்சுங்கண்ணா."

நான் நாலு வார்த்தை திட்டினேன். மீன்தானே, வேறு வாங்கிக்கொள்வார்கள் என்றும் ஆறுதலுக்குச் சொன்னேன். எனக்கும் அப்போது அவ்வளவுதான் புரிந்தது.

அந்த வாரமே ஒரு டிரைவர் வந்து சொன்னான். முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. சமையற்கட்டோடு இருந்து உதவட்டும் என்று சௌந்திரத்தை வழக்கமாகக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை போன இடத்தில், பால் சட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "மீனே செத்துப்போச்சாமா, பால் திரிஞ்சு போனா?" என்று யாரோ கேட்டார்களாம். அந்தப் பெண் போன நடையாகவே வெயிலில் திரும்பி வந்ததாம்.

மிக்கேல் அப்போது ஒரு டியூபைப் பட்டறைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. டியூபை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை, என்ன விசயம் என்று அவன் சம்சாரம் அந்தோணிமேரி என்னிடம் வந்து கேட்டது. அவனையே கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணச் சேலம் போனான். அந்தோணிமேரியும் கூடப் போனது. வரிசையில் நின்று, அவன் முறை வரும் நேரத்தில் வெளியே வந்துவிட்டானாம். அந்தோணிமேரி பின்னாலேயே வந்து, "ஏனுங்க, சாமியார்கிட்டச் சொல்ற அளவுக்குப் பாவமே இல்லீங்களா உங்களுக்கு? சொல்லுங்க, சிலை வெச்சுரலாம்" என்று கேட்டதாம். "இதை அவர்கிட்டச் சொன்னா அவருக்குத் தெரியும். அந்த ஊட்டுல யாருக்குத் தெரியும்?" என்றானாம் இவன். இதை இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

மறுவாரம் மிக்கேல் கம்ப்ரசர் காற்று அடைத்த டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஏறினான். "நீங்களும் வாங்கண்ணா. தனியாப் போனா வழியில திரும்பிருவேன்" என்றான். போனேன்.

செங்கோட்டையன் ஆசாரத்தில் இருந்தார். வள்ளியாத்தாள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. வாசலில் இரண்டு டிரைவர்கள். மிக்கேல் ஒரு வட்டிலில் தண்ணீர் கேட்டான். தண்ணீருக்குள் குழாயை விட்டு, கிளிப்பைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் விரிந்தது. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்:

"மருந்தும் இல்லீங்க, பாசியும் இல்லீங்க. எம்பட காத்துல எண்ணெய் இருந்துருக்குது. மீனைக் கொன்னது நானுங்க. பழியை அம்மிணி மேல போட்டதும் நானுங்க."

செங்கோட்டையன் வட்டிலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு சத்தமாகச் சிரித்தார். "அட இதுக்கா இத்தனை தூரம் சைக்கிளு மெதிச்சு வந்தே? மீனுதானப்பா. காப்பி குடிச்சுட்டுப் போ."

அவர் திட்டியிருந்தால் மிக்கேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வள்ளியாத்தாள் வட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "யாரு காத்தோ, எதுவோ. அது கெட்ட நேரம், இவன் கையில நடந்துருக்குது" என்றார்.

கதவோரத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "மிக்கேலண்ணா, அன்னைக்கே தெரியுமுங்களா உங்களுக்கு?"

தெரியாது, பிறகுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வட்டிலும் தண்ணீரும் அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆள் தப்பித்திருப்பான்.

"தெரியுமுங்க அம்மிணி. பொட்டியத் தூக்குனப்பவே தெரியும்."

அந்தப் பெண் கதவிலிருந்து கையை எடுத்தது. பிறகு உள்ளே போய்விட்டது. காப்பி வந்தது, வேலைக்காரர் கையில். மிக்கேல் அதைத் தரையில் வைத்தான். அந்தப் பெண் அன்றைக்குச் சொன்ன பானையை வைக்க ஸ்டாண்டு தானே அடித்துத் தருவதாக முதலாளியிடம் சொன்னான். உள்ளேயிருந்து, "ஆசாரி அடிச்சுக் குடுப்பாருங்கப்பா" என்று பதில் வந்தது.

தொட்டி மறுபடி ஆசாரத்துக்கு வந்தது. மேலே பானை, பானையிலிருந்து சொட்டு. செடி பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் போன லாரியில் மீனும் வந்தது. மூன்று வருசம் அந்தப் பானையே ஓடியது. ஆனால் பேச்சு ஓடியது வேறு பக்கம். வள்ளியாத்தாள் ஊர் ஊராக விருந்துக்குப் போகிறவர். போன இடமெல்லாம் மீன் செத்த கதையும் போனது. எண்ணெய்க் கதை அதோடு சேர்ந்து போகவில்லை.

அது தெரிந்த நாளிலிருந்து மிக்கேல் ஒரு வேலையைக் கையில் எடுத்தான். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தானே சொன்னான். டீக்கடையில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொன்னான். லாரிக்காரன் ஊர் ஊராகப் போகிறவன். சொன்னது போய்ச் சேரும் என்பது அவன் கணக்கு. போய்ச் சேர்ந்தது, வேறு மாதிரி. "மீனுக்குக் காத்தடிச்சவன் பட்டறை" என்று பேர் விழுந்தது. சிலர் வண்டியை நிறுத்தாமலே, "என்னங்க, கெழங்கா மீனுக்குப் பஞ்சர் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஆனால் அடுத்த ஆள் வந்ததும் மறுபடி சொல்வான். சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் காது சிவந்தது. சம்சாரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் அதிகம்.

ஒரு நாள் நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் லோடு ஏற்றி வந்த ஒரு பெரியவர், டயர் கழற்றும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "இந்தப் பக்கமாமே, ஒரு முண்டச்சிப் பொண்ணு கைபட்டு ஊட்டு மீனெல்லாம் செத்துச்சாமா" என்றார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சுத்தியலை நிறுத்தினேன்.

மிக்கேல் கடப்பாரையைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து நின்றான்.

"அந்த அம்மிணி பேரு சௌந்திரமுங்க. நீங்க அப்படிச் சொல்லாதீங்க. அந்த மீனைக் கொன்னவன் நானு. எப்படின்னு சொல்றேன், கேட்டுட்டு உங்க ஊருல சொல்லுங்க" என்று ஆரம்பித்தான்.