பெயர் எழுதாத நிழற்குடை

பெரியவனுக்கும் சின்னவளுக்கும், உங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் அப்பாவும் எழுதியே ஆக வேண்டும் என்று சின்னவள் சொல்லிவிட்டாள். லாரி ஓட்டிய காலத்தில் லோடு விவரம் எழுதியதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அம்மா போன பிறகு உட்கார்ந்தால் எழ மனமில்லை, எழுந்தால் உட்கார மனமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா ஆத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அப்பா ஜவ்வரிசி ஆலையில் களத்து வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவும் களத்துக்குப் போய்விடுவார். வானம் இருட்டினால் காய்கிற ஜவ்வரிசி மேல் தார்ப்பாய் இழுத்து மூட வேண்டும். எங்கே மேகம் கண்டாலும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிற பழக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது அதனால்தான்.

கல்யாணமாகிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் வந்தபோது அவர் பேச்சு இங்கே எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. என் அக்காதான் அதிகம் சீண்டும். "வரேன்னு சொல்றா பாரு. ஏன் அம்மிணி, வாரேன்னு சொன்னா வாய் நோகுமா?"

"நீங்க ஊட்டுக்கு வாங்க அண்ணி, நான் வீட்டுக்கு வரேன். ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதானே" என்பார் அம்மா.

நான் லாரியில் போனால் திரும்ப நாளாகும். உங்களை வளர்த்தது, என் அம்மாவின் வைத்தியம், வீட்டுக் கடன் எல்லாம் அவர் தலையில்தான். அதற்கு நடுவில் மகளிர் குழு ஆரம்பித்தார். வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து குடிதண்ணீருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதைப் பார்த்துத்தான் கட்சியில் சீட்டுக் கொடுத்தார்கள். யாரும் எதிர்பார்க்காமல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். நான் லாரியை விற்றுவிட்டு அவருக்குக் கார் ஓட்டினேன்.

சட்டமன்றத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். அதில் ஒன்று எனக்கு மறக்காது. உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளுக்கு ஒரு வரம்பு வேண்டும், குடும்பத்தார் அதைத் தொடக் கூடாது, அரசுப் பணத்தில் கட்டியதில் உறுப்பினரின் பெயரும் படமும் வரக் கூடாது, இதையெல்லாம் விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்று பேசினார். பேசிவிட்டு வெளியே வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னாராம், "நல்லாப் பேசுனீங்கம்மா. ஆனா எழுதுறது நம்ம கையிலதானே இருக்கு, எவன் எழுதுவான்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊருக்கு வந்து அம்மா சொன்னார், "அங்க வரலைன்னா போகுதுங்க மாமா. நம்ம ஊட்டுல வரட்டும்." அதற்குள் அவருக்கும் ஊடு என்று வந்துவிட்டது.

அந்த விதியில் முதலில் மாட்டினவன் நான். நாமக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், நீங்களும் பின் சீட்டில் இருந்தீர்கள். டோல்கேட்டில் உறுப்பினர் அட்டையைக் காட்டினால் தனி வழியில் விட்டுவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் காரைத் திருப்பினேன். அம்மா ஸ்டீயரிங்கில் கை வைத்தார்.

"கல்யாணச் சோறு சாப்பிடப் போறதுக்கு அட்டை எதுக்குங்க? லாரிக்குப் பின்னாடி போய் நில்லுங்க."

"காலமெல்லாம் லாரியில நின்னேன். எம்.எல்.ஏ. புருசனாகியும் நிக்கோணுமா?"

"புருசனுக்கு யாரும் ஓட்டுப் போடலைங்களே மாமா."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் நின்ற லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். இப்போது அந்த வழியே போனால் தானாகச் சிரிப்பு வருகிறது, கூடவே வேறொன்றும் வருகிறது.

என் அக்கா மகன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தபோதும் அம்மா கொடுக்கவில்லை. "எங்கூட்டுல ஒரு எம்.எல்.ஏ. இருந்து என்னத்துக்காச்சு?" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா வெகு காலம் நம் வாசலை மிதிக்கவில்லை. இடையில் அடிபட்டது நான்தான். யார் பக்கம் பேசுவது?

பிறகு, நம் ஊருக்குத் திரும்பும் பிரிவில் அந்தப் பஸ் நிழற்குடை. அம்மாவின் தொகுதி நிதியில் கட்டியது. வேலை முடியும் சமயம் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். "அம்மா, பேரு இவ்வளவு உயரத்துக்கு வருமுங்க. படம் இந்தப் பக்கம். சிரிச்ச மாதிரி ஒண்ணு குடுங்க."

"திட்டத்துப் பேரையும் செலவான தொகையையும் எழுதுங்க. எம் பேரு வேண்டாம்."

"அப்புறம் சனங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"மழையில நனையாம நிக்கிறது தெரியுமில்ல. அது போதும்."

அவருடைய காலத்தில் கட்டிய எதிலும் அவர் பெயர் இல்லை. அடுத்த தேர்தலில் அதுவே வினையானது. எதிர்த்து நின்றவர்கள் அந்த நிழற்குடைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி மைக்கில் கேட்டார்கள், "அஞ்சு வருசத்துல என்ன செஞ்சாங்க? எங்கயாச்சும் அவங்க பேரு இருந்தாக் காட்டுங்க பார்க்கலாம்." அம்மா தோற்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரம் தேய்த்தார். தேய்த்ததையே எடுத்துத் திரும்பவும் தேய்த்தார். பேரைப் போட்டிருக்கலாமோ என்று கேட்டேன். "தெரியலைங்க மாமா" என்றார். தன் செய்கையெல்லாம் சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் அல்ல உங்கள் அம்மா. அவரும் அயர்ந்துதான் போனார். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன்பின் பஸ்ஸில்தான் போய்வந்தார். ஒரு மழை நாளில் அதே நிழற்குடையில் நின்றபோது, பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், "எந்தப் புண்ணியவான் கட்டுனானோ, உக்கார ஒரு கல்லு போடோணும்னு தோணலையே அவனுக்கு." அம்மா தான் யார் என்று சொல்லவில்லை. அந்த அம்மாளின் கூடையைத் தூக்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தோற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நம்ம காசுல ஒரு கல்லு போட்டுரோணுங்க மாமா" என்றார்.

கல் போடுவதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டது. சேலத்துக்கும் ஊருக்குமாக அலைந்தோம். ஆஸ்பத்திரியில் முன்னாள் எம்.எல்.ஏ. என்று நான் சொல்லப் போனால் கையைப் பிடித்து அழுத்துவார். வரிசையில் உட்கார்ந்தே இருந்தோம். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

போன மாதம் பெரியவன் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தான். நல்ல கருங்கல் பலகையில் அம்மாவின் பெயரை வெட்டி, நினைவு நாளன்று அந்த நிழற்குடைச் சுவரில் பதிக்க ஏற்பாடு. தெரிந்ததும் அவனைக் கூப்பிட்டேன்.

"அம்மா வேண்டாம்னு சொன்னதுடா சாமி அது."

"உயிரோட இருக்கறப்ப வேண்டாம்னாங்க. இப்ப என்னுங்கப்பா? இது எங்க சொந்தக் காசு. பேரே இல்லாமப் பண்ணித்தான தோத்தாங்க? ஊர்ல எவனுக்காச்சும் ஞாபகம் இருக்குதா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வயதான அம்மாளின் கதையைச் சொல்லி, அந்தக் கல்லையே உட்காரப் போடலாம், எழுத்து அடியில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அம்மா பேரு மேல ஆளுக உக்கார்றதா?" என்று எழுந்து போனவன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னவள்தான் அவனிடம் போய், "நீ உக்காராத மடியாடா அது?" என்று கேட்டாளாம்.

மறுநாள் அவனே வந்தான். "சரிங்கப்பா. ஆனா எழுத்தை அழிக்கக் கூடாது" என்றான். அழிக்க வேண்டாம் என்றேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் கோபத்தை எல்லாம் மறந்து வந்து, படுக்கைப் பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்ட என் அக்காவை என்றும் மறக்க மாட்டோம். அக்கா மகன் எத்தனையோ முறை சேலத்துக்குக் கார் ஓட்டி வந்தான், டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. தங்கள் தாய் போல் கவனித்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், சோறு கொடுத்தனுப்பிய குழுப் பெண்களுக்கும், கல் போட அனுமதி தந்த ஊராட்சிக்காரர்களுக்கும், துக்கத்தில் வந்து நின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கல் போன வாரமே போட்டாயிற்று. பெரியவனும் சின்னவளும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். சாப்பிட்டுவிட்டு வேலூர் பஸ் பிடிக்கப் போகிறவர்கள், பஸ் வரும்வரை அதில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.