பெத்த பிள்ளையும் கொள்ளுப்பேரனும்

“சமையலறை, மேல் அலமாரி, ரெண்டாவது தட்டு, மூடி போட்ட டப்பா,” என்று கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார். “உப்பு எங்கேன்னு கேட்டா ஊர்வலமே விடுறீங்களே!” என்பார் மனைவி.

அலுவலகத்தில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். கோட்டு போட்டு யாரும் பார்த்ததில்லை. சாய்கோடு போடுவதுதான் பிழைப்பு. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் கணினிக் குரலில் ஒலிநூலாக்கும் இடம் அது. ஒவ்வொரு நூலும் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும்: நூலுக்குள் அத்தியாயம், அத்தியாயத்துக்குள் பத்தி, பத்திக்குள் எண். எது வேண்டுமோ, அதற்கு நூல்/அத்தியாயம்/பத்தி என்று சாய்கோடு போட்டு வழி எழுதித்தான் பிடிக்க வேண்டும்.

“ஒரு கோடு போட்டா பெத்த பிள்ளை மட்டும் வரும். ரெண்டு கோடு போட்டா பேரன், கொள்ளுப்பேரன்னு வம்சமே வந்து நிக்கும். பாத்துக் கூப்பிடுங்க,” என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்வார்.

அவரே ஒருமுறை பார்க்காமல் கூப்பிட்டுவிட்டார். சட்டத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், வாக்கியத்தின் நடுவில் பக்க எண் வந்து குறுக்கிடுகிறதென்று தொலைபேசியில் குறைப்பட்டாள். அவசரத்தில் //எண் என்று எழுதி, அகப்பட்டதையெல்லாம் நீக்கி அனுப்பினார். மறுநாள் காலையிலேயே அவள் அழைத்தாள்.

“அண்ணா, இந்தச் சட்டத்துல பிரிவு எண்ணே காணோம். எந்தப் பிரிவுன்னு நீதிபதியையே கேட்டுக்கட்டுமா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. “திங்கக்கிழமை பரீட்சைண்ணா. கண்ணு தெரிஞ்சவங்கன்னா புரட்டிப் பாத்துப்பாங்க.”

அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. மூலக் கோப்பைத் திறந்து //எண்[@வகை="பக்கம்"] என்று எழுதினார். சதுர அடைப்புக்குள் ஒரே நிபந்தனை: பக்கம் என்று வகை குறித்த எண் மட்டும் வரட்டும், மற்றது இருந்த இடத்தில் இருக்கட்டும். வந்தவற்றை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிரிவு எண் ஒன்றுகூட அதில் இல்லை. அதன்பிறகுதான் நீக்கக் கை வந்தது.

திருத்திய ஒலிநூலை அனுப்பிய அன்று மாலையே அவள் அழைத்தாள். “எல்லாம் வந்துடுச்சுண்ணா. நீங்களும் கேளுங்க.” ஒலிநூலைத் தொலைபேசியின் அருகே ஓடவிட்டாள். கணினிக் குரல் நீண்ட வாக்கியமொன்றைத் தொடங்கியது. பிரிவு எண்ணைத் தெளிவாகச் சொன்னது. பக்கம் மாறும் இடத்தை நிற்காமல் கடந்தது.

“போதுமாண்ணா?”

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும்மா,” என்றவர், எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.