நீல நிறத்தில் ஒரு பஸ் ஸ்டாப்

வெயில் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் சேர்ந்து வெயிலைக் கணக்குப் போடும் ஆபீசில் நான் வேலை பார்த்தேன். பெங்களூர் வைட்ஃபீல்டில், ஏழாவது மாடியில். உள்ளே ஏசி எப்படி ஓடும் என்றால், எங்கள் டீமில் பாதிப் பேர் தொப்பி வைத்த ஸ்வெட்டரைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி சால்வையே கொண்டுவந்து நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள். அந்தக் கோலத்தில் இருந்துகொண்டுதான் தெருவில் நடப்பவனுக்கு எவ்வளவு சுடும் என்று ஆராய்ச்சி.

வேலை இதுதான். ஒரு பேட்டையை அப்படியே கணினிக்குள் கட்டவேண்டும். கட்டடம், சாலை, மரம், மேம்பாலத் தூண், பஸ் ஸ்டாப் எல்லாம். கட்டியபின் அதற்குள் வெயிலையும் காற்றையும் ஓட்டிப் பார்த்தால், மனிதன் நிற்கமுடியாத இடம் சிவப்பாகவும் சுகமாக நிற்கக்கூடிய இடம் நீலமாகவும் தெரியும். சிவப்பாக இருக்கும் இடத்தில் மரமோ கூரையோ வைக்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுப்போம். கட்டுகிற வேலை என்னுடையது. எங்கள் ஐடி பார்க்கையும் அதன் வாசல் சாலையையும் மூலைமுடுக்கு விடாமல் நான்தான் கட்டினேன்.

அந்தக் கணினி ஊருக்குள் சோதனைக்காக ஒரு ஆள் நடந்துகொண்டே இருப்பான். ஆம்பளை, நடுவயது, அளவான உடம்பு, அரைக்கை சட்டை. கையில் பை கிடையாது, இடுப்பில் குழந்தை கிடையாது, பஸ்ஸுக்காக ஓடியதும் கிடையாது. நான் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். பெங்களூரின் சுகதுக்கம் முழுக்க அந்த மாப்பிள்ளையின் சௌகரியத்தை வைத்துத்தான் தீர்மானமானது.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் கழுத்தில் மஞ்சள் டேக். நீல டேக் போட்ட நிரந்தரக்காரர்களுக்கு ஆபீஸ் கேப் உண்டு, கீழே பிளாசா என்கிற முற்றத்தில் உட்கார பெஞ்சு உண்டு. மஞ்சள் டேக் அங்கே உட்கார்ந்தால் செக்யூரிட்டி வந்து விசாரிப்பார். காலை ஷிப்ட் முடிந்து நான் வெளியே வருவது மூன்று மணி. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி சந்தாபுராவில் இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். வாசலில் இருக்கும் பஸ் ஸ்டாப் என்பது ஒரு கம்பம், அதில் ஒரு போர்டு. இருந்த மரத்தையும் மெட்ரோ வேலைக்கென்று வெட்டிவிட்டார்கள். சாக்கடையை மூடிய கல்தான் இருக்கை. ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து அந்தக் கல்லிலேயே சரிந்துவிட்டேன். பக்கத்து அபார்ட்மென்டில் வீட்டுவேலை செய்யும் அக்கா ஒருவர் தண்ணீர் தெளித்து, முந்தானையால் விசிறினார்.

"குந்துமா, எழுந்திரிக்காத. இங்க ஒரு ஷீட்டு போட்டா இன்னா கொறஞ்சிடும் இவனுங்களுக்கு?"

டாக்டரம்மாவோ, பிரஷர் ஏறியிருக்கிறது, வெயிலில் நின்றால் குழந்தைக்கு ஆகாது, நின்றே ஆகவேண்டும் என்றால் வேலையை விடு என்றார். வேலையை விட்டால் வீடு ஓடாது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு தகரக் கூரை. அதை எங்கே போடுவது என்று முடிவு செய்கிற ஆபீசிலேயே நான் உட்கார்ந்திருந்தேன். கொடுத்துவைத்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் என் பஸ் ஸ்டாப் ரத்தச் சிவப்பில் வந்தது. பார்க் முழுக்க அதைவிடச் சிவந்த இடம் இல்லை. ஒரு கூரைக்குத்தான் அந்த வருஷம் அனுமதி, அது இங்கேதான் என்று மேனேஜரே மீட்டிங்கில் சொல்லிவிட்டார். வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தேன். நமக்கு ஒரு நிழல் வருகிறது என்று பிள்ளையிடம் சொன்னேன்.

ஆனால் கணக்கை நிஜத்தோடு ஒட்டிப் பார்க்கும் சடங்கு ஒன்று பாக்கி இருந்தது. சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் அளக்கும் பெட்டி ஒன்றை முக்காலியில் மாட்டி, ஒவ்வொரு இடத்திலும் நடைபாதையில் நிறுத்தி வைக்கவேண்டும். அதற்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். இருவரும் இன்ஜினியர்கள், இருவருக்கும் கூலிங் கிளாஸ்.

மூன்று மணிக்கு நான் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் கேப் ஒன்று ஸ்டாப்பை ஒட்டி வந்து நின்றது. கண்ணாடி ஏற்றியபடி, இன்ஜின் ஓடியபடி. உள்ளே நம் மகான்கள். ஒருவன் மடியில் அந்தப் பெட்டி, குழந்தையைப் போலப் பத்திரமாக. இன்னொருவன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். இறங்கி முக்காலியை விரிப்பார்கள் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையசைத்தார்கள். அளக்க வேண்டிய நேரம் முழுக்க ஏசிக் காற்றில் உட்கார்ந்து வெயிலை அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலில் நின்று அளந்தால் கறுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மறுநாள் என் பஸ் ஸ்டாப் நீலமாகியிருந்தது. வெளிர்நீலம்கூட இல்லை, ஊட்டி நீலம். பிளாசாவில் மட்டும் முறையாக இறங்கி அளந்திருக்கிறார்கள், அங்கே காபிக் கடை இருப்பதால். அதனால் அது சிவந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேனேஜரிடம் போனேன். அவர் நம் ஊர்க்காரர்தான், கோயமுத்தூர்ப் பக்கம். ஆபீஸ் தமிழ் பேசுவார்.

"சார், அவங்க கேபை விட்டு இறங்கவே இல்ல. ஏசிக்குள்ள வெச்சு அளந்திருக்காங்க. நானே பாத்தேன்."

"லொகேஷன் கரெக்டா மேட்ச் ஆகுதேம்மா."

"லொகேஷன் கரெக்ட்தான் சார். கண்ணாடி மூடியிருந்துச்சு."

"பாருங்க, நம்ம ஃபீலிங்கைக் கொண்டுபோய் டேட்டா மேல போடக்கூடாது. அதுவுமில்லாம பெங்களூர்ல என்னம்மா வெயில்? எங்க ஊர்ல வந்து பாருங்க."

"இப்ப கீழ வந்து அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார்."

"கிளையன்ட் கால் இருக்கும்மா எனக்கு. நெக்ஸ்ட் வீக் பாக்கலாம்."

பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கும் மனிதர். பேஸ்மென்டில் காரை விட்டு இறங்கினால் லிஃப்ட், லிஃப்டை விட்டு இறங்கினால் ஏசி. இவர் வாழும் பெங்களூரில் வெயில் ஏது? அவரைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. இளப்பமாகத்தான் இருந்தது. கூலிங் கிளாஸ்காரர்களிடம் போய்க் கேட்டேன். "அங்க ரொம்ப டஸ்ட் அக்கா, சென்சார் கெட்டுப்போயிடும்" என்றான் ஒருவன், பெரிய தியாகம் செய்தவன் மாதிரி.

கூரை பிளாசாவில் எழும்பியது. தகரம் இல்லை, வெள்ளைத் துணி. கப்பல் பாய் மாதிரி விரித்துக் கட்டினார்கள். அதன் கீழ் நாலு பெஞ்சு. நீல டேக்குகள் அங்கே ஒருநாள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிறகு ஏசிக்குள் ஓடிவிட்டார்கள். மூன்று மணிக்கு நான் கடந்து போகும்போதெல்லாம் அந்த நிழல் ஆளில்லாமல் கிடக்கும். வாசல் தாண்டினால் நானும் அந்த அக்காவும் கல்லில் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டிருப்போம். கால் வீங்கி என் செருப்பு நுழையாமல், கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போன நாட்கள் அவை. பிள்ளை அசைகிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து, வாடிக்கையாளருக்குக் காட்ட வீடியோ. கணினி ஊருக்குள் மனிதர்களை உலவவிடச் சொன்னார்கள். மென்பொருளோடு வரும் பொம்மைகள் எல்லாம் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். பஸ் ஸ்டாப் காலியாக இருக்கிறது, ஆளைப் போடுங்கள் என்றார் மேனேஜர். போட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து நானே செய்த பொம்மை. கடுகு நிறச் சுடிதார், தலையில் துப்பட்டா, முன்தள்ளிய வயிறு, ஆம்பளைச் செருப்பு, கழுத்தில் மஞ்சள் டேக். சாக்கடைக் கல்லில் உட்கார வைத்தேன். சுற்றிலும் ஊட்டி நீலம்.

மேனேஜர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். நான் அன்றைக்கு அதே கடுகுச் சுடிதாரில்தான் இருந்தேன்.

"யாரு இந்த லேடி? தரைல உக்காந்திருக்காங்க? பாக்கறதுக்கே அன்கம்ஃபர்டபிளா இருக்கே."

"பஸ்ஸுக்கு நிக்கறவங்க சார்."

"வேணாம், அங்கேருந்து எடுத்துடுங்க. ஆனா பொம்மை நல்லா வந்திருக்கு. பிளாசால, கூரைக்குக் கீழ பெஞ்ச்ல உக்கார வைங்க. பிரெக்னன்ட் லேடின்னா கிளையன்ட்டுக்குப் பிடிக்கும்."

எடுத்து வைத்தேன். பொம்மை நிழலில் சாய்ந்து உட்கார்ந்தது. அவர் குனிந்து, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்த டேகை மட்டும் ப்ளூவா மாத்திடுங்க" என்றார்.

மாற்றினேன். மணி மூன்றாகியிருந்தது. கீழே இறங்கி, காலியாகக் கிடந்த அந்த நிழலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அக்கா கல்லில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.