ஓட்டு மேல் போன பல்

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் இடதுபக்கத்துப் பல் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். யாராவது போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்வேன். கூச்சம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கூச்சமும்தான். ஆனால் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் அவர் விளக்கைத் திருப்பி முதலில் அந்தப் பல்லைத்தான் பார்ப்பார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "வேரோட கழண்டு விழுந்து திரும்ப வெச்ச பல்லா? இத்தனை வருஷமா நிக்குதா?" என்று பக்கத்து அறையில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாலு பேர் கூடி நின்று மெச்சும்படி என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மெச்ச வேண்டியது என்னை அல்ல, என் அத்தையை. வாய்க்குள் கண்ணாடியை வைத்திருக்கும்போது அதைச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சோரியாங்குப்பத்தில் நாட்டு ஓடு போட்ட வீடு எங்களுடையது. அத்தை அப்பாவின் தங்கை. வில்லியனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வந்தவர் புரட்டாசி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது. அந்த இடத்தில் கழற்றி மாட்டும் கட்டுப்பல் இருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தை அதிகம் பேச மாட்டார். பேசினாலும் முந்தானை நுனி வாயருகில் இருக்கும். எனக்குத் தலை பின்னும்போது மட்டும் ஏதாவது முணுமுணுப்பார். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். அத்தை பின்னினால் தூக்கம் வரும். அதற்காகவே அவர் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பா நாள் குறித்துவிட்டார். "ஞாயித்துக்கெழம கொண்டுபோய் வுட்டுட்டு வந்துர்றேன். எத்தினி நாளு இங்கியே ஒக்காந்திருக்கறது? ஊரு இன்னா சொல்லும்?" என்றார். நாத்தனார் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா வெள்ளிக்கிழமையே முறுக்கு சுட்டு, மூடி இறுக்கமாகப் பூட்டும் எவர்சில்வர் தூக்கில் அடுக்கி வைத்தார். அப்படி மூடுகிற தூக்கு எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் தெருக்குழாயிலிருந்து குடத்தோடு ஓடி வந்தேன். ஓடாதே என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே வாசலில் கால் வழுக்கி, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியின் விளிம்பில் வாய் மோதியது. குடம் தப்பித்தது. பல் தெறித்துவிட்டது.

அம்மா என் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு அலறினார். அப்பா மண்ணில் கிடந்த பல்லைப் பொறுக்கிப் பார்த்தார். முனையிலிருந்து வேர்வரை முழுசாக இருந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் விழுந்த எந்தப் பல்லும் அவ்வளவு நீளம் இருந்ததில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "ஒம்போது வயசுதான? மொளைக்கும் வுடு" என்றார் அப்பா.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தால் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பற்கள் எல்லாம் அப்படித்தான் மேலே போயிருந்தன. அன்று சாணி கிடைக்கவில்லை. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. காலைச் சாணி முழுவதையும் அம்மா வறட்டி தட்டிச் சுவரில் ஒட்டிவிட்டிருந்தார். "சாணி இல்லன்னா இன்னா, ஓடு இருக்குதில்ல?" என்று அப்பா பல்லை அப்படியே விட்டெறிந்தார். மற்ற வேலைகளில் எப்படியோ, இந்தக் காரியத்தில் அவருக்குக் குறி தப்பியதே இல்லை.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை சத்தம் கேட்டு ஓடி வந்தார். என் வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு எங்க?"

"மேல போட்டாச்சி."

"இன்னாண்ணா பண்ணிட்ட! அது ஏற்கெனவே வுழுந்து மொளச்ச பல்லு. இனிமே அந்த எடத்துல ஒண்ணும் மொளைக்காது!"

அத்தையின் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றுதான் தெரிந்தது. முந்தானை வாயருகில் இல்லை. அதை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். யாரும் பதில் சொல்வதற்குள் மூங்கில் ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்து ஏறிவிட்டார்.

"எறங்குடி! ஓடு ஒடஞ்சா மழைக்கு நீயா வந்து கைய நீட்டுவ?" என்று அப்பா கத்தினார். சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஓடு உடைந்தது.

"எந்தப் பக்கம் எறிஞ்ச? அத சொல்லு மொதல்ல."

"அந்தாண்ட... முருங்கமரத்துப் பக்கம்."

அத்தை குரங்குபோல நாலுகாலில் நகர்ந்தார். ஓடுகளின் பள்ளம் ஒவ்வொன்றிலும் கைவிட்டுத் துழாவினார். இன்னோர் ஓடு போனது. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "இன்னாய்யா, பூனை கீனை பூந்துடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். "பல்லு தேடுறா" என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காய்ந்த சாணி உருண்டை ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்துக் கீழே போட்டார். அது என் பழைய பல். ஏழாவது ஓடு உடைந்தபோது "கெடச்சிட்டுது" என்றார்.

இறங்கும்போது ஒரு கையால்தான் ஏணியைப் பிடித்தார். மறுகையின் இரண்டு விரல்களில் பல் இருந்தது. கடிக்கும் முனையை மட்டும் பிடித்திருந்தார். அம்மா அதை வாங்கிக் கழுவப் போனார்.

"வேணாம் அண்ணி. தேய்க்கக் கூடாது, வேர்ல கை படக் கூடாது. பட்டா செத்துப் பூடும்."

"பல்லு கூட சாவுமா?"

"பாலு இருக்குதா?"

"தம்பிக்குக் காய்ச்சி ஆத்தி வெச்சிருக்கேன்..."

கைக்குழந்தையான என் தம்பியின் பால் அது. அத்தை உள்ளே போய்த் தூக்கைத் திறந்து, முறுக்குகளை முறத்தில் கவிழ்த்து, தூளைத் தட்டித் துடைத்து, பாலை அதில் ஊற்றிப் பல்லைப் போட்டு மூடினார். "அடிப்பாவி, புள்ள குடிக்கிற பாலு!" என்று அம்மா கத்தினார். தம்பியும் தன் பங்குக்குக் கத்தினான்.

"அண்ணா, வண்டிய எடு" என்றார் அத்தை. அதுவரை அந்த வீட்டில் அப்பாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா எடுத்தார்.

மொபெட்டில் அப்பா முன்னால், நான் நடுவில், அத்தை பின்னால் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு. தவளக்குப்பம் கூட்ரோட்டில் ஒரு பல் டாக்டர் புதிதாகக் கடை திறந்திருந்தார். ஊரில் அதை எல்லோரும் கடை என்றுதான் சொன்னார்கள். பாகூர் ஏரிக்கரையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அத்தை தூக்கின் மூடியை அழுத்திப் பிடித்தார். அப்பா வேகத்தைக் குறைத்தால், "நேரம் ஆவுது, போண்ணா" என்றார். வலியில் அழுதுகொண்டிருந்த எனக்குக்கூட அப்பாவை இப்படி ஒருவர் விரட்டுவது வேடிக்கையாக இருந்தது.

டாக்டர் இளைஞர். தூக்கைத் திறந்து பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பால்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க! பேப்பர்ல மடிச்சி மூணு நாள் கழிச்சி வர்றவங்களத்தான் நான் பாத்திருக்கேன். ஒரு மணி நேரம்கூட ஆகலியே. யார் சொன்னது உங்களுக்கு?"

"மூலக்குளத்துல ஒரு டாக்டரு சார். போன வருசம் நானும் பேப்பர்லதான் மடிச்சி எடுத்துகினு போனேன். மறுநாளு. அன்னிக்கே பால்ல போட்டு எடுத்தாந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம்னாரு."

"ஏன் மறுநாள்?"

"வுடல சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, எப்படி விழுந்துச்சு? யாராச்சும் அடிச்சாங்களா?" என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. அப்பா முகம் சிவந்துவிட்டது. "எம் பொண்ண யாரு சார் அடிக்கப் போறாங்க?" என்றார்.

அத்தைதான் நிதானமாகச் சொன்னார்.

"இல்ல சார். இவ நெசமாவே வுழுந்தா."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். கையில் தூக்கின் மூடியை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அப்பா நின்றார். வலிக்கு நடுவிலும் எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. நிஜமாக விழாமல் பொய்யாக எப்படி விழுவார்கள்?

ஈறில் ஊசி போட்டார்கள். டாக்டர் பல்லை ஏதோ தண்ணீரில் அலசி, குழியில் வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு மெல்லிய கம்பியைப் பசைபோல ஒன்றால் ஒட்டிப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். அவ்வளவு நேரமும் அத்தை என் கையைப் பிடித்திருந்தார். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோக அவருக்குக் கை மிச்சமில்லை. கட்டுப்பல் தெரிய அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பாகூரில் அப்பா வண்டியை நிறுத்தி, கடையில் அத்தைக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். உடைந்த ஏழு ஓடுகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஐப்பசி மழை முழுவதும் அவர் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுக்கவில்லை. முறத்தில் கிடந்த முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். "பாப்பா பல்லு ஒட்டற வரிக்கும் அவ இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு அது போதும். பல் ஒட்டினால்தானே அத்தை போவார்? இரண்டு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். பல் கல்லைப்போல நின்றது. பிறகு இரண்டு மூன்று தடவை கூட்டிப்போய் வேருக்கும் வைத்தியம் செய்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகும் அப்பா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நின்று, "அப்பா, இன்னும் ஆடுது" என்பேன்.

அவர் என் வாயைத் திறந்து பார்த்ததே இல்லை. "அப்படியா? அப்போ அத்த இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்பார்.

அத்தை அதன் பிறகு வில்லியனூருக்குப் போகவே இல்லை. பாகூரில் தையல் கற்றுக்கொண்டு சொந்தமாக மெஷின் போட்டார். இன்றும் தைக்கிறார். நான் அந்தப் பொய்யைப் பொங்கல் வரைக்கும், அதைத் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்த அப்பாவை இத்தனை சுலபமாக ஏமாற்ற முடிகிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.