நெற்றியில் ஒரு பென்சில் கோடு

எனக்குக் கோபம் வந்தால் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் விழும். கோபம் தணிந்த பிறகும் அவை உடனே போய்விடுவதில்லை. தைப்பிங்கிலிருந்து ஒரு ரயில்வே குமாஸ்தாவின் வீட்டார் பெண்ணின் படம் கேட்டு எழுதியபோது, அண்ணன் எடுத்த படத்தில் அம்மாவின் கண் அந்தக் கோடுகளில்தான் நின்றது.

"இந்த மூஞ்சிய அனுப்புனா ஓடிருவாங்க லா. அந்தப் புஸ்தகத்தப் பாத்து அழிச்சிரு" என்றாள்.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் அண்ணன் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த கேமராப் பெட்டியின் அடியில் கிடந்தது அந்தப் புத்தகம். முகப்படங்களைத் திருத்தக் கற்றுத்தரும் ஆங்கிலப் புத்தகம். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. கான்வென்டில் ஆறாம் வகுப்பு வரை போன நான் அதைத் தட்டுத்தடுமாறி வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் பாடம், வெயில் பட்ட வெள்ளைக் கன்னத்தில் வரும் பழுப்புப் புள்ளிகளை நீக்குவது. எங்கள் தெருவில் அப்படியொரு கன்னம் கிடையாது. இரண்டாம் பாடம் பொறுமை. அதைத் தாண்டிவிட்டேன். மூன்றாம் பாடம் நெற்றிச் சுருக்கம்.

படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். சுருக்கம் விழுந்த இடத்தில் கூரான பென்சிலால் மெல்லத் தீற்றினால், காகிதத்தில் அச்சாகும்போது அந்த இடம் வெளுத்துச் சுருக்கம் மறையும். மெல்ல, மெல்ல என்று பக்கத்துக்கு நான்கு முறை எழுதியிருந்தார்கள். ஆனால் தகட்டிலிருந்து என்னை நானே முறைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. அழுத்தியே தீற்றினேன்.

அச்சில் கோடுகள் போயிருந்தன. அவை இருந்த இடத்தில், பொட்டுக்கு மேலே, பளிச்சென்று ஒரு வெள்ளைத் தீற்றல். அசல் திருநீறு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி செய்கிறேன் என்று நான் கெஞ்சியது எடுபடவில்லை. அன்றைய தபாலிலேயே படம் போய்விட்டது.

மாப்பிள்ளையின் படத்தோடு பதில் வந்தது. பெண்ணின் பக்தி முகத்திலேயே தெரிகிறதாம், நேரில் பார்க்க வருகிறார்களாம். நான் கோயிலுக்குப் போவதே தைப்பூசத்துக்குத்தான், அதுவும் வேடிக்கை பார்க்க. இல்லாத ஒருத்தியைப் பார்க்க வருகிறார்கள், அவளாக ஆயுசு முழுக்க நான் நடிக்க வேண்டும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விடைத்த காதுகள், சிரிப்பை அடக்கிய வாய், எதிலும் பென்சில் படவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம்.

அவர்கள் வந்த அன்று அம்மா என் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள். காப்பித் தட்டோடு போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை விரதமாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"செவ்வாயும்தான்!" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. புருவம் நெரிந்தது. விபூதி உதிர்ந்து காப்பியில் விழுந்தது.

"விரதமெல்லாம் கிடையாதுங்க. படத்துல இருந்தது விபூதியும் இல்ல, பென்சில். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோட்ட அழிக்கப் போயி இப்படி ஆயிருச்சு" என்றேன்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்போ மீன் சாப்பிடுவியா?" என்றார் அந்த அம்மா.

"சாப்பிடுவேன்."

"அப்பாடா! படத்தப் பாத்ததுலேருந்து இவனுக்கு ஒரே கவல. இவ்வளவு பக்தியான பொண்ணு வந்தா வீட்டுல மீனே கிடையாதேன்னு. சரி, வேற எடம் பாப்பமான்னு கேட்டா, அதுக்கும் மாட்டேங்கிறான் லா. மீன விட்டுர்றேங்கிறான்!"

மாப்பிள்ளை காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணப் படத்தை அண்ணன்தான் எடுத்தார். வெயில் கண்ணில் அடித்ததில் அந்த இரண்டு கோடுகளும் தகட்டில் நன்றாகவே விழுந்திருந்தன. நான் பென்சிலைக் கையில் எடுத்தேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றார் என் கணவர். "மறுபடியும் விபூதி வந்துட்டா மீன் போயிரும்."