முனியப்பரிடம் கேட்க ஒரு தவணை

அந்தப் பொட்டலம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழைய செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். வழக்குப் பொருளாக அது நீதிமன்றத்துக்கு வந்தபோது பொலிஸார் பக்கத்திலேயே அரக்கு முத்திரையும் குத்தியிருந்தார்கள். எது குங்குமம், எது அரக்கு என்று சட்டென்று தெரியாத ஒரே சிவப்பு. உள்ளே இருந்தது கஞ்சா. கூண்டில் நின்றவர் உடப்புப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் பூசாரியார். அவருடைய தமிழைச் சிங்களத்திலும் நீதவானின் சிங்களத்தைத் தமிழிலும் சொல்வது என் வேலை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்களை முதலியார் என்பார்கள். கனமூலையில் பிறந்த முஸ்லிமான நான் அப்படித்தான் ஊருக்கெல்லாம் முதலியார் ஆனேன்.

பூசாரியாரின் ஊரில் தென்மேற்குச் சோளகக் காற்று அடங்கி வள்ளங்கள் கடலில் இறங்குமுன் முனியப்பருக்குப் படையல் வைப்பார்கள். பொரித்த மீன், சாராயம், சுருட்டு, அவற்றோடு ஒரு சிட்டிகை கஞ்சா. அந்த ஊருக்கு அது புதினமான சாமான் அல்ல. கோழிக்கறிக்கு ருசி சேர ஓரிலை போடும் வீடுகள் இருந்தன. வலை இழுத்து இடுப்புப் பிடித்தவர்கள் அவித்துக் குடித்தார்கள். சட்டம் அதைக் குற்றம் என்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் முனியப்பர் வரைக்கும் வரும் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. அந்த வருடம் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது பூசாரியாரின் பூசைப்பை அகப்பட்டுக்கொண்டது.

நீதவான் இளம் பெண். முகத்தில் சிரிப்பைக் காட்டாதவர். "இது யாருடையது?" என்று கேட்டார்.

"முனியப்பர்ட சாமான், அம்மா. நான் கொண்டு போனது மட்டுந்தான்."

மொழிபெயர்த்தேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பூசாரியார் அதோடு நிற்கவில்லை. "நாட்டு வைத்தியர்மாருக்கு மருந்து செய்ய அரசாங்கமே இதக் குடுக்குதாமே. சாமிக்குக் குடுக்க ஏலாதா?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். நீதவான் பேனையைக் கீழே வைத்தார்.

"பூசை முடிந்தபின் இதை என்ன செய்வீர்கள்?"

"சாமி எடுத்த மிச்சத்த நாந்தான் இழுப்பேன், அம்மா."

அவருடைய சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் நாக்கு ஒரு கணம் நின்றுவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டால் மனிதர் தப்பிவிடுவார் என்று தோன்றியது. வெள்ளை வேட்டி கட்டி, கைகூப்பி, பொய் சொல்லத் தெரியாமல் நிற்கிறார். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தவன் நான். சொன்னேன். 

நீதவான் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "வேறு ஏதாவது வைத்தால் முனியப்பர் ஏற்றுக்கொள்ள மாட்டாரா என்று கேளுங்கள்."

பூசாரியார் யோசித்தார். "அத நான் சொல்ல ஏலாது, அம்மா. அவர்ட்டக் கேக்கணும். ஒரு தவணை தாங்க."

தவணை கிடைத்தது. தெய்வத்திடம் கேட்பதற்காக ஒத்திவைத்த வழக்கு என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

இரண்டு கிழமை கழித்து வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கோயிலில் பூக்கட்டிப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பூக்களைத் தனித்தனியே மடித்துக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. சிவப்புப் பூ வந்தால் கஞ்சா வேண்டும், வெள்ளைப் பூ வந்தால் வேண்டாம். வெள்ளைதான் வந்ததாம். "சுருட்டு போதுமாம், அம்மா. ஆனா ஒண்டு காணாதாம். மூண்டு வைக்கட்டாம்." நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே, கொஞ்சம் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். பிறகு நீதவானும் சிரித்தார். எச்சரித்து விடுதலை செய்தார்.

அந்த வருடப் படையலுக்கு என்னையும் மனைவியையும் பூசாரியார் அழைத்தார். பின்னேரம் போனோம். படையலுக்கு வைக்காமல் எங்களுக்கென்று தனியாக அன்னாசியும் தேநீரும் எடுத்து வைத்திருந்தார்கள். வள்ளங்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தது. மரத்தடியில் மூன்று சுருட்டுகள் வரிசையாகப் புகைந்தன. பூசாரியாரின் பெண்சாதி என் மனைவியைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனார். சிறிது நேரத்தில் உள்ளிருந்து வந்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டது. திரும்பி வரும் வழியில் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அன்று பூவை மடித்துக் கட்டியவர் அந்த அம்மாதான். இரண்டு மடிப்பிலும் வெள்ளைப் பூ. "முப்பது வருசமா அந்தப் புகையில இருமுறேன் தங்கச்சி. பொலிஸ் செய்யாதத நான் செஞ்சேன்" என்றாராம். நீதிமன்றத்துக்கு வெளியே கேட்டதை மொழிபெயர்க்க வேண்டிய கடமை எனக்கு இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட அரசாங்கமே அனுமதி கொடுக்கப்போகிறது என்று அண்மையில் செய்தி பார்த்தேன். பொட்டலத்துக்குக் கூண்டில் நின்ற மனிதரின் ஞாபகம் வந்து, உடனே தொலைபேசியில் அழைத்தேன். விஷயத்தைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். வயதானாலும் அந்தக் குரல் தளரவில்லை.

"சட்டமே மாறுது, பூசாரியார். முனியப்பர்ட்ட இன்னொருக்கா பூக்கட்டிக் கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"என்னத்துக்கு, முதலியாரு?" என்றார். "திரும்பக் கேட்டாலும் அவதானே பூவக் கட்டுவா."